வெள்ளெழுத்து வந்தாச்சு: யாருக்கு எந்தக் கண்ணாடி?

சங்கரா மீன் குழம்பு. அதே தட்டு, அதே டியூப் லைட். முள்ளைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மகள்தான் கேட்டாள்: "ஏம்ப்பா தட்டைத் தள்ளித் தள்ளி வைக்கிறீங்க?" அப்போது எனக்கு வயது 44. அதுவரை கண்ணாடியே போட்டதில்லை. வெள்ளெழுத்து, அதாவது நாற்பது வாக்கில் கிட்டத்தில் உள்ளது மங்குவது, வந்துவிட்டிருந்தது.

அடுத்த ஐந்து வருடத்தில் நான்கு கண்ணாடி வாங்கினேன். ஒன்று சரியான தேர்வு, ஒன்று சுத்த வீண், இரண்டு பரவாயில்லை. இப்போது என் வயதுக்காரர்கள் ஒவ்வொருவராக அதே கேள்வியோடு வருகிறார்கள். எங்கள் தெரு தையல்காரர், பள்ளி ஆசிரியையான என் மச்சினி, நாள் முழுக்க கணினி முன்னால் இருக்கும் அக்கவுன்ட்ஸ் நண்பர் ஒருவர். "புராகிரசிவ் வாங்கவா, பைஃபோகல் போதுமா, இல்லை, பிளாட்பாரத்தில் விற்கிறதே அதை வாங்கிப் போட்டுக்கொள்ளவா?" பைஃபோகல் என்பது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் இரண்டு பவர் உள்ள கோடு போட்ட லென்ஸ், புராகிரசிவ் என்பது கோடில்லாமல் எல்லாத் தூரத்துக்குமானது. மூன்று பேருக்கும் மூன்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

## முதலில், இது மற்றப் பார்வைக் குறைகளைப் போல இல்லை

லென்ஸின் பவரை அளக்கும் அலகு டயாப்டர். கண்ணின் மொத்தப் பவர் சுமார் 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழி தருகிறது, மீதியை உள்ளே இருக்கும் லென்ஸ் தருகிறது. விழி கொஞ்சம் நீளமாக இருந்தால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். அது கிட்டப்பார்வை, மைனஸ் பவர் வேண்டும். ஒரே ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று பவர் வந்துவிடும். விழி குட்டையாக இருந்தால் தூரப்பார்வை, பிளஸ் பவர். கருவிழி ஒரு திசையில் அதிகமாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால் சிலிண்டர் பவர். சீட்டில் "ஆக்சிஸ் 90, 180" என்று எழுதுவது அந்த வளைவு எந்தப் பக்கம் என்பதைத்தான். இந்த மூன்றுக்கும் ஒரே பவர் உள்ள ஒரு லென்ஸ் போதும்.

வெள்ளெழுத்து வேறு ரகம். உள்ளே இருக்கும் லென்ஸ் கிட்டப் பார்க்கும்போது உப்பி, தூரம் பார்க்கும்போது தட்டையாக வேண்டும். பத்து வயதில் அது 12 டயாப்டருக்கு மேல் வளைந்து கொடுக்கும். நாற்பதுகளின் தொடக்கத்தில் நாலோ ஐந்தோதான் மிச்சம். அறுபதில் ஒன்று இருந்தால் பெரிய விஷயம். 40 செ.மீ. தூரத்தில் புத்தகம் படிக்கவே இரண்டரை டயாப்டர் வேண்டும். அதற்காக இருப்பு மொத்தத்தையும் கொட்டிப் படித்தால் பத்து நிமிடத்தில் கண் வலிக்கும். எங்கள் ஆச்சி இதைச் சாளேசுரம் என்பார். மராத்தியில் சாளீஸ் என்றால் நாற்பது. தெலுங்கில் இதைச் சத்வாரம் என்கிறார்கள், அதுவும் வடமொழி நாற்பதுதான். நோய்க்குப் பெயரே வயதுதான் என்னும்போது, நமக்கு மட்டும் வந்துவிட்டதே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

போன சக்தியைத் திருப்பித் தரும் பொருள் கீழே சொல்லப்போவதில் ஒன்றுகூட இல்லை. கண் பயிற்சியும் தராது. எல்லாமே தூரத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கிற ஏற்பாடுகள். பங்கு பிரிப்பதில் யாருக்கு எது வசதி என்பதுதான் கேள்வி. கண்ணாடி போட்டதால்தான் பவர் ஏறுகிறது என்று நம்பித் தள்ளிப்போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: போட்டாலும் போடாவிட்டாலும் ஏறும். 60 வயது வாக்கில் கிட்டத்தட்ட +2.50 வரை போய் நிற்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

கடைக்குப் போகும் முன் தையல் டேப் ஒன்றை எடுங்கள். வேலை செய்யும்போது கண்ணிலிருந்து பொருள் வரை எத்தனை செ.மீ. என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். புத்தகம், செல்போன், கணினித் திரை, தையல் ஊசி, அடுப்பு, கரும்பலகை என எதுவெல்லாம் உங்கள் நாளில் இருக்கிறதோ அதையெல்லாம் அளக்க வேண்டும். 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் அந்தத் தூரத்துக்குத் தேவையான டயாப்டர் வந்துவிடும். 40 செ.மீ. என்றால் 2.5. 65 செ.மீ. என்றால் ஒன்றரை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு டயாப்டர்தான் பாதிப் பேரின் தலைவலி. கண் பரிசோதனையில் 40 செ.மீ. அட்டையைக் கொடுத்துப் பவர் எழுதுகிறார்கள், நாமோ எட்டு மணி நேரம் 65 செ.மீ. திரையைப் பார்க்கிறோம். அளந்த சீட்டைப் பரிசோதிப்பவரிடம் நீட்டுங்கள், சந்தோஷப்படுவார்.

இரண்டாவது, எத்தனை தரம் தூரமும் கிட்டமும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள். மூன்றாவது, தவறாகிவிட்டால் திரும்ப முடியுமா. நான்காவதுதான் விலை, அதுவும் ஒரு கண்ணாடியின் விலை இல்லை. 45-லிருந்து 60 வரை இரண்டு இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை பவர் மாறும், ஆறேழு தடவை லென்ஸ் மாற்ற வேண்டி வரும். இருபதாயிரம் ரூபாய் லென்ஸை ஆறால் பெருக்கிப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

இன்னொன்று. சர்க்கரை இருப்பவர்கள், அது ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது கண்ணாடி வாங்க வேண்டாம். சர்க்கரையோடு சேர்ந்து பவரும் ஆடும். கட்டுக்குள் வந்து சில வாரம் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம். அதேபோல், பத்து வருடமாகக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருநாள் திடீரென்று கண்ணாடி இல்லாமல் ஊசி கோர்த்தால், வீட்டில் எல்லாரும் அதிசயப்பட்டுக் கைதட்டுவோம். பெரும்பாலும் அது புரை முற்றுவதன் அடையாளம். லென்ஸ் கெட்டிப்பட்டுக் கிட்டப்பார்வை பக்கம் சாய்கிறது. தூரம் மங்கியிருக்கும், அதைக் கேட்டுப் பாருங்கள்.

## கழற்றிப் படிப்பது

செலவு பூஜ்யம். ஏற்கெனவே -2.00 முதல் -3.00 வரை மைனஸ் பவர் போடுகிறவர்களுக்கு மட்டும் கிடைத்த வரம். -2.50 உள்ளவரின் கண் கண்ணாடி இல்லாமலே சரியாக 40 செ.மீ.-இல் குவிந்து நிற்கும். அறுபது வயதில் கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டுப் பேப்பர் படிக்கும் ஆட்கள் இவர்கள்தான். -6 உள்ளவருக்கு இது உதவாது, மூக்குக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும். ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் பவர் நிறைய வித்தியாசப்பட்டாலும், சிலிண்டர் அதிகம் இருந்தாலும் ஒத்துவராது.

## ரெடிமேட் ரீடிங் கிளாஸ்

மருந்துக்கடையிலும் பிளாட்பாரத்திலும் நூறு முதல் முந்நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. இதைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த இலை, கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் 20 சதவீதத்துக்கும் மேல் கூடியது. எளிமையான ஒரு பிளஸ் லென்ஸின் வேலை அது. உலகத்தில் 82 கோடிக்கும் அதிகமான பேர் இந்தச் சின்னப் பொருள் இல்லாமலே கிட்டத்தில் உள்ளது மங்கி வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கணக்குச் சொன்னது.

ஆனால் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது, லென்ஸ் மையங்களுக்கு இடையே ஏதோ ஒரு சராசரித் தூரம். தூரம் நன்றாகத் தெரிகிற, இரண்டு கண்ணும் சமமாக உள்ளவருக்கு அதனால் பாதகமில்லை. மற்றவர்களுக்கு அரைமணி நேரத்தில் நெற்றி வலிக்கும்.

வாங்கும்போது எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. எழுத்து பெரிதாகத் தெரிகிறதே என்று பெரிய பவரை எடுப்பது. நானும் செய்தேன், 44 வயதில் +2.00 எடுத்துவந்தேன். எழுத்து பெரிதாகத்தான் இருந்தது, ஆனால் புத்தகத்தை முகத்தோடு ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. பவர் கூடக்கூடத் தெளிவாகத் தெரியும் இடம் அருகே வரும், அதன் அகலமும் சுருங்கும். நாற்பதின் தொடக்கத்தில் +1.00, 45 தாண்டினால் +1.50, ஐம்பதில் +2.00 என்பது சுமாரான கணக்கு. இரண்டுக்கும் நடுவே சந்தேகம் வந்தால் சின்னதை எடுங்கள்.

இதன் மறைமுகச் செலவு ரூபாயில் இல்லை. கண்ணாடி எளிதாகக் கிடைத்துவிடுவதால் ஆஸ்பத்திரிக்கே போக மாட்டோம். கண் அழுத்த நோய் வலியில்லாமல் ஓரப் பார்வையை அரித்துக்கொண்டே போகும். நாற்பதுக்கு மேல் அதைப் பரிசோதித்துக்கொள்ள இதுதான் நல்ல சாக்கு. ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொண்டு, அப்புறம் நூறு ரூபாய்க் கண்ணாடி நாலு வாங்கி வீடு முழுக்கப் போட்டுவைப்பதில் தப்பே இல்லை.

## பவர் போட்டுச் செய்த தனி ரீடிங் கிளாஸ்

மேலே சொன்னதேதான், அவரவர் சீட்டுப்படி. சிலிண்டர் இருந்தால் இதுதான் குறைந்தபட்சம். முழு லென்ஸும் கிட்டத்துக்கே என்பதால் பக்கவாட்டிலும் தெளிவு குறையாது. மணிக்கணக்கில் படிப்பவர், நகை வேலை செய்பவர், தைப்பவர் ஆகியோருக்கு விலையுயர்ந்த எந்த லென்ஸும் இதற்கு ஈடாகாது. தலை நிமிர்ந்தால் எதிரே வருபவர் முகம் மங்கல். அவ்வளவுதான் குறை.

## பைஃபோகல்

மேலே தூரம், கீழே கிட்டம். இப்படி ஒன்று தன்னிடம் இருப்பதாக பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-இலேயே கடிதத்தில் எழுதியிருக்கிறார், இரண்டு லென்ஸைப் பாதியாக வெட்டி ஒட்டியது. நம் கடைகளில் வட்டமாக உள்ளதைக் கிரிப்டாக் என்பார்கள், படுத்த டி எழுத்துப் போல உள்ளதை டி பைஃபோகல் என்பார்கள். இரண்டில் டி மேல். படிக்கும் இடம் அகலமாக இருக்கும், கோட்டைத் தாண்டும்போது பிம்பம் குதிப்பதும் குறைவு.

லென்ஸுக்கு ஐந்நூறு முதல் ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்துவிடும். அளவு கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் தாங்கும். கோடு கீழ் இமை விளிம்பில் நின்றால் போதும். பழக ஒரு வாரம். என் அம்மா முப்பது வருடமாக இதில்தான் இருக்கிறார், மாற்றச் சொல்லி நாங்கள் வற்புறுத்தியதும் இல்லை.

குறை என்றால் நடுத்தூரம் இல்லவே இல்லை. நாற்பத்தைந்தில் உள்ளே கொஞ்சம் சக்தி மிச்சமிருப்பதால் அது தெரியாது. ஐம்பத்தைந்தில் கணினித் திரையைப் பார்க்க, மேலே போனாலும் மங்கல், கீழே போனாலும் மங்கல். காய்கறிக்கடைத் தராசு, கார் டேஷ்போர்டு எல்லாம் அந்த இடைவெளியில்தான் விழும். படி இறங்கும்போது கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் படி மங்கிவிடும். முதியவர்கள் தவறி விழ இது ஒரு காரணம். தாடையை இறக்கி மேல்பகுதி வழியாகப் படியைப் பார்க்கப் பழக்கிக்கொள்ள வேண்டும். புராகிரசிவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

## புராகிரசிவ்

என் பணம் வீணானது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பிரான்சில் பெர்னார்ட் மேத்னாஸ் உருவாக்கி 1959-இல் வேரிலக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த யோசனை இது. மேலே தூரப் பவர், கீழே போகப் போக மெல்ல மெல்லப் பிளஸ் கூடிக்கொண்டே போய், அடியில் படிக்கும் பவர். கோடு கிடையாது. நடுவில் ஒரு சந்து போல ஓடும் பாதையில் எல்லாத் தூரமும் வரிசையாக இருக்கும்.

அந்தச் சந்துக்கு விலை உண்டு. வளைவு கீழ்நோக்கி மாற மாற, இரண்டு பக்கமும் தேவையில்லாத சிலிண்டர் சேரும். பக்கவாட்டில் நகர்ந்தால் அது இரட்டிப்பு வேகத்தில் கூடும். இது கணிதம், எந்தக் கம்பெனியும் இதைத் தாண்ட முடியாது. விலை அதிகமான லென்ஸ் அந்த மங்கலை இடம் மாற்றி வைக்கும், மென்மையாகப் பரப்பும், ஒழிக்காது. ஆகவே கண்ணை உருட்டிப் பார்க்காமல் மூக்கைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். அடிஷன் பவர், அதாவது படிப்பதற்காகத் தூரப் பவரோடு கூட்டும் பிளஸ், கூடினால் சந்து குறுகும். அதனால்தான் +1.25 இருக்கும்போதே ஆரம்பித்தவர்கள் சுலபமாகப் பழகிவிடுகிறார்கள், 58 வயதில் +2.25-இல் முதல்தடவை போடுகிறவர்கள் தலைசுற்றுகிறது என்று திருப்பிக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் அளவெடுப்பது. நான் போன கடையில் ஃப்ரேமை என் கையிலிருந்து வாங்கி அப்படியே கவரில் போட்டுவிட்டார்கள். கண்ணாடி வந்தது. செல்போன் பார்க்கவே, நாடி சவரம் செய்துகொள்கிறவன் போலத் தாடையைத் தூக்க வேண்டியிருந்தது. "பழகிடும் சார், ரெண்டு வாரம் குடுங்க." நான்கு வாரம் கொடுத்தேன், கழுத்துதான் பிடித்துக்கொண்டது. பிறகு கண் ஆஸ்பத்திரி ஒன்றில் பரிசோதித்த பெண் லென்ஸை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தார். அதில் நூல் போன்ற இரண்டு குட்டி வட்டங்கள் பொறித்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். 34 மி.மீ. இடைவெளியில் எல்லா புராகிரசிவிலும் ஒரு ஜோடிக் குறி இருக்கும். அதை வைத்து அளந்துவிட்டு, "நாலு மில்லிமீட்டர் கீழே உட்கார்ந்திருக்கு" என்றார். நாலு மில்லிமீட்டருக்கு ஒரு மாதக் கழுத்து வலி. கடையில் லென்ஸை மறுபடி செய்து கொடுத்தார்கள், ஃப்ரேம் காசு என்னுடையது.

ஆகவே: ஃப்ரேமை முகத்தில் சரியாகப் பொருத்தியபிறகு, எதிரே உங்கள் கண் உயரத்தில் கடைக்காரர் உட்கார்ந்து, டம்மி லென்ஸில் இரண்டு கண்மணிக்கும் நேராக மார்க்கரால் புள்ளி வைக்க வேண்டும், அல்லது அதற்கான கேமரா மெஷினில் அளக்க வேண்டும். மூக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனித் தூரம் எடுக்க வேண்டும். இது நடக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஃப்ரேம் கண்மணிக்குக் கீழே 18 மி.மீ.-ஆவது இறங்க வேண்டும். ஒல்லியான ஸ்டைல் ஃப்ரேமில் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுக் குப்பைக்குப் போகும், அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருப்பீர்கள். கண்ணாடி வந்ததும் காதுப்பக்க வட்டத்துக்குக் கீழே அடிஷன் எண் பொறித்திருக்கும். 20 என்றிருந்தால் 2.00. சீட்டோடு ஒத்துப்பாருங்கள்.

விலை இரண்டாயிரத்தில் தொடங்கி முப்பதாயிரம் தாண்டியும் போகும். என் அனுபவத்தில் நடுவாந்தர லென்ஸை ஒழுங்காக அளந்து போட்டால், மேல்தட்டு லென்ஸைக் கண்டபடி போட்டதைவிட நன்றாக இருக்கிறது. கூடவே நீல ஒளியைத் தடுக்கும் "புளூ கட்" லென்ஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கணினியால் வரும் கண் களைப்புக்கு அது குறுகிய காலத்தில் பெரிதாக உதவுவதாகத் தெரியவில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023 மதிப்பாய்வு சொன்னது. அந்தக் காசில் கண் கூசாத கோட்டிங் போடுங்கள், இரவில் வண்டி ஓட்டும்போது பலன் தெரியும்.

## ஆபீஸ் லென்ஸ்

கடைக்காரர்கள் தாமாகச் சொல்வது அபூர்வம். கீழே 40 செ.மீ., மேலே திரைத் தூரம் அல்லது மேஜைக்கு எதிரே உள்ளவர் முகம், அவ்வளவுதான். தூரத்தை விட்டுக்கொடுத்துவிடுவதால் சந்து நல்ல அகலம். இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. ஒரே கண்ணாடி போதும் என்று நினைப்பவருக்கு இது சரிப்படாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் மேஜையிலேயே இருப்பவருக்கு புராகிரசிவைவிட இதுவே நல்லது என்பேன்.

## கான்டாக்ட் லென்ஸ், சொட்டு மருந்து, ஆபரேஷன்

கான்டாக்ட் லென்ஸில் இரண்டு வழி. ஒரே லென்ஸில் பல பவர் உள்ளது ஒன்று. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் விட்டுவிடுவது இன்னொன்று. பிந்தையதை மூளை ஆச்சரியமாக ஏற்றுக்கொள்கிறது, ஆனால் ஆழம் கணிப்பது கொஞ்சம் குறையும், இரவு ஓட்டத்துக்கு ஆகாது. ஐம்பது வாக்கில் கண் வறட்சி வருபவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மாலையாவதற்குள் உறுத்தும். மாதாமாதம் லென்ஸும் திரவமும் வாங்குவதைச் சேர்த்தால் வருடச் செலவு நல்ல புராகிரசிவை எட்டிவிடும். இளவயதிலிருந்தே லென்ஸ் போட்டுப் பழகியவர்கள் யோசிக்கலாம்.

சொட்டு மருந்து என்பது பைலோகார்பின். கண்மணியைச் சுருக்கி, ஊசித்துளை வழியாகப் பார்ப்பது போலத் தெளிவு தருகிறது. அமெரிக்காவில் 2021-இல் அனுமதி கிடைத்தது. சில மணி நேரம்தான் வேலை செய்யும், தலைவலி வரலாம், இரவில் இருட்டாகத் தெரியும். இந்தியாவில் 2024 ஆகஸ்டில் ஒரு நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது, "இனி கண்ணாடியே வேண்டாம்" என்கிற பாணியில் விளம்பரமாகி, அடுத்த மாதமே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதியை நிறுத்திவைத்தது. இதை நம்பிக் கண்ணாடியைத் தூக்கிப் போட வேண்டாம்.

லேசர் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. கண்ணாடியிலிருந்து விடுதலை என்று 42 வயதில் -2.50-க்கு லேசர் செய்துகொண்டால், தூரம் பளிச்சென்று தெரியும், சரி. கழற்றிப் படிக்கும் வரம் அன்றோடு போய்விடும். மூன்றே வருடத்தில் ரீடிங் கிளாஸ் வாங்க வருவார். லேசர் கருவிழியைத்தான் செதுக்குகிறது, கெட்டிப்பட்ட லென்ஸை அது தொடுவதில்லை. அந்த லென்ஸையே எடுத்துவிட்டுப் பல குவியம் உள்ள செயற்கை லென்ஸ் வைப்பதும் உண்டு. கண்ணாடித் தேவை பெரிதும் குறையும். இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம், பிடிக்கவில்லை என்றால் திரும்ப எடுப்பது எளிதல்ல. எப்படியும் ஒருநாள் புரை வரும், அன்றைக்கு இதே லென்ஸ் மாற்றம் நடக்கத்தான் போகிறது. புரை இல்லாத 48 வயதுக் கண்ணில் அவசரப்பட்டுக் கை வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| வழி | நன்றாகத் தெரியும் தூரம் | பழக எவ்வளவு நாள் | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| கழற்றிப் படிப்பது | கிட்டம் | தேவையில்லை | கழற்றி வைத்ததைத் தேடுவது | -2.00 முதல் -3.00 வரை |
| ரெடிமேட் | கிட்டம் | ஒரு நாள் | பரிசோதனையைத் தள்ளிப்போடுவது | இரு கண்ணும் சமம், சிலிண்டர் இல்லாதவர் |
| தனி ரீடிங் | கிட்டம் | ஓரிரு நாள் | அடிக்கடி கழற்றி மாட்டுவது | நீண்ட நேரம் ஒரே தூரத்தில் வேலை |
| பைஃபோகல் | தூரம், கிட்டம் | ஒரு வாரம் | நடுத்தூரம் இல்லை, படியில் கவனம் | கணினி அதிகம் பார்க்காதவர் |
| புராகிரசிவ் | எல்லாம், குறுகலாக | இரண்டு வாரம் | தப்பான அளவு, ஃப்ரேம், படியில் கவனம் | தூரம் மாறி மாறிப் பார்ப்பவர் |
| ஆபீஸ் லென்ஸ் | கிட்டம், திரை | சில நாள் | இன்னொரு கண்ணாடி வேண்டும் | மேஜை வேலை |
| கான்டாக்ட் லென்ஸ் | தூரம், கிட்டம், சமரசத்தோடு | சில வாரம் | மாதச் செலவு, வறட்சி | ஏற்கெனவே பழகியவர் |
| ஆபரேஷன் | லென்ஸைப் பொறுத்து | சில மாதம் | திரும்ப முடியாது | புரை வந்தவர் |

## கேட்டு வந்த மூவர்

மச்சினிக்கு புராகிரசிவ் சொன்னேன். கரும்பலகை, கடைசி பெஞ்சு, கையில் நோட்டு என்று நிமிடத்துக்கு நாலு தடவை மாறுகிறவர், வயது 46, அடிஷன் +1.50. பழக இதைவிட நல்ல வயது கிடையாது. மார்க்கர் புள்ளி வைக்கிற கடையாகத் தேடிப் போனார்.

அக்கவுன்ட்ஸ் நண்பர் ஆபீஸ் லென்ஸ் செய்து அதை மேஜை டிராயரிலேயே வைத்துவிட்டார். வீட்டுக்கும் செல்போனுக்கும் நூற்றைம்பது ரூபாய் ரெடிமேட் இரண்டு.

தையல்காரருக்கு புராகிரசிவ் மேல் ஆசை இருந்தது, கடையில் நல்லதாய்ச் சொல்லியிருந்தார்கள். டேப் அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்ததால் அங்கேயே அளந்தோம். கண்ணிலிருந்து ஊசிக்கு 38 செ.மீ., வெட்டும் மேஜையில் துணிக்கு 60. ஒரு கண்ணில் 0.75 சிலிண்டர், ஆகவே ரெடிமேட் ஆகாது. ஊசிக்கு ஒன்று, வெட்டுமேஜைக்குக் குறைந்த பவரில் ஒன்று என இரண்டு தனி ரீடிங் கிளாஸ் செய்தார். இரண்டும் சேர்ந்து புராகிரசிவ் பட்ஜெட்டில் பாதிகூட ஆகவில்லை. குழம்பாமல் இருக்க ஒன்றின் காம்பில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறார். போன வாரம் கொடுத்த சட்டையின் காஜா எல்லாம் நேராக இருந்தது.